இரண்டரை நொடியில் படிக்க முடிகிற நம்பர் பிளேட்: நம் நாட்டுப் பதிவெண் பலகையை எப்படி மாற்றி வடிவமைக்கலாம்?

கொங்குநாட்டுப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆவணியில் ஒரு மாலை நேரம், கோவை அவிநாசி சாலையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த என் அம்மாவை ஒரு மோட்டார் சைக்கிள் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்கை எலும்பில் விரிசலோடு அம்மா தப்பினார். அந்த வண்டியின் எண்ணை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். பூக்கடை வைத்திருக்கும் அக்கா 6383 என்றார். ஆட்டோ ஓட்டுநர் 8363 என்று அடித்துச் சொன்னார். அம்மாவுக்கு "மூணும் எட்டும் இருந்துச்சு" என்பதற்கு மேல் நினைவில்லை. தொடக்கத்தில் 'டிஎன் 38' இருந்ததில் மூவருக்கும் ஐயமில்லை, ஏனென்றால் அது எங்கள் ஊரில் தினமும் கண்ணில் படுவது. நடுவில் வரும் இரண்டு எழுத்துகளை மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எழுத்துகள் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு காவல் நிலையத்திலும் ஒன்றும் செய்ய இயலவில்லை.

வண்டி புதியது என்பதால் அதில் இருந்தது உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையாகத்தான் இருந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் கட்டாயமான அந்தப் பலகையில் என்னென்ன இருக்கின்றன என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அலுமினியத் தகடு, இடப்பக்கம் அசோகச் சக்கரம் பொறித்த 20 மி.மீ. ஹாலோகிராம், அதன் கீழே நீல நிறத்தில் 'ஐஎன்டி', லேசரால் பொறித்த நிரந்தர எண், எழுத்துகளின் மேல் சாய்வாக ஓடும் 'இந்தியா' என்ற பொடி எழுத்து, ஒரு முறை பூட்டினால் உடைத்துத்தான் கழற்ற வேண்டிய ஸ்னாப் லாக். இவை யாவும் "இந்தப் பலகை உண்மையானதா?" என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன. "சாலையோரம் நிற்கும் ஒருவர் இதைப் படித்து, நினைவில் வைத்து, இன்னொருவரிடம் பிழையின்றிச் சொல்ல முடியுமா?" என்பதை வடிவமைத்தவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே நாட்டுக்கே புதிதாக ஒரு பலகையை வடிவமைக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் எதை மாற்றுவீர்கள் என்பதே என் கேள்வி. எழுத்தின் அளவையா, எண்ணின் அமைப்பையா, அல்லது எழுத்துருவையா? தோற்றத்தைப் பற்றியும் சொல்லுங்கள். தனியார் வண்டிக்கு வெள்ளை, வாடகை வண்டிக்கு மஞ்சள், மின்வண்டிக்குப் பச்சை என்பதைத் தவிர நம் பலகையில் பார்க்க ஒன்றுமில்லை. கோபுரச் சின்னமோ தமிழ் எழுத்தோ ஒரு மூலையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

ரேடியம் கடைக்காரர்:

தம்பி, அம்மா நலமாக இருக்கிறார்களா? இருபத்திரண்டு ஆண்டுகள் நம்பர் பிளேட் எழுதியவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் முதலில் பெயின்ட், அடுத்து ரேடியம் ஸ்டிக்கர், கடைசியில் அக்ரிலிக் எழுத்து என்று மாறி மாறி வந்தது. வாடிக்கையாளர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: 8055 என்றால் அது 'பாஸ்' என்று தெரிய வேண்டும், கடைசி எண்ணைப் பெரிதாகவும் மற்றதைக் கடுகு போலவும் போட வேண்டும். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மறைப்பதற்கில்லை. எல்லா வண்டியிலும் ஒரே எழுத்து என்ற ஒழுங்கைப் புதிய பலகைதான் கொண்டுவந்தது. அந்த வகையில் என் பிழைப்பில் மண் விழுந்தாலும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அளவைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 51-ஆம் விதிப்படி, கார் முதலான வண்டிகளுக்கு எழுத்தின் உயரம் 65 மி.மீ. இருசக்கர வண்டிக்குப் பின்பக்கம் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ.; முன்பக்கம் வெறும் 30 மி.மீ. என் மகள் கண் பரிசோதனைப் படிப்புப் படிக்கிறாள். கண் மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் கணக்கை அவள் இதற்குப் போட்டுக் காட்டினாள். குறையில்லாத பார்வை உள்ளவருக்கு 65 மி.மீ. எழுத்து ஏறத்தாழ 45 மீட்டர் வரைக்கும், 40 மி.மீ. எண் 27 மீட்டர் வரைக்கும், முன்பக்கத்து 30 மி.மீ. எழுத்து 20 மீட்டர் வரைக்கும்தான் பிரித்தறியக் கூடியது. அதுவும் நல்ல வெளிச்சத்தில், எழுத்து அசையாமல் நின்றால். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்த எண்ணைப் படிக்கக் கிடைத்த நேரம் இரண்டரை நொடி, அதுவும் கீழே விழுந்து கிடக்கும்போது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கே 64 மி.மீ. எழுத்து, காருக்கு 79 மி.மீ. என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் எங்கே கஞ்சத்தனம் செய்தோம் என்பது விளங்கும்.

பலகையைப் பெரிதாக்காமலே இதில் பாதியைச் சரிசெய்துவிடலாம் என்பது என் துணிபு. இருசக்கர வண்டியின் பின்பக்கப் பலகை 200-க்கு 100 மி.மீ. இரண்டு வரியாக எழுதும்போது மாநிலக் குறியும் ஆர்.டி.ஓ. எண்ணும் மேலே, மற்றதெல்லாம் கீழே என்பது விதியில் உள்ள ஏற்பாடு. அப்படி எழுதினால் மேல் வரியில் நான்கு எழுத்து, கீழ் வரியில் ஆறு. கூட்டம் கீழே சேர்ந்துவிடுவதால் எண்ணைப் பெரிதாக்க அகலம் போதாது. இரண்டு எழுத்துகளை மேலே ஏற்றிவிட்டுக் கீழே நான்கு எண்களை மட்டும் நிறுத்தினால், மேலே 30 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று தாராளமாகப் போடலாம்; ஓரத்துக்கும் இடைவெளிக்கும் 20 மி.மீ. மிஞ்சும். 50 மி.மீ. எண் என்றால் 34 மீட்டர் வரைக்கும் தெரியும்.

இன்னொன்று, எழுத்தின் மேலுள்ள கறுப்புப் படலம். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு வாரம் ஒரு முறை வண்டி கழுவும் வீடுகளில் மூன்றாம் ஆண்டே எழுத்தின் விளிம்பு வெளுத்துப்போய், புடைத்த தகடு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. முன்பென்றால் கடையில் இருபது ரூபாய்க்குக் கறுப்பு அடித்துக் கொடுப்போம். இப்போது தொட்டால் குற்றம், தொடாவிட்டால் எண் தெரியாது.

கேமராக்கண்:

சுங்கச்சாவடிகளிலும் சிக்னல்களிலும் எண்ணைப் படிக்கும் கேமரா மென்பொருளில் வேலை பார்க்கிறேன். அளவைப் பற்றி அண்ணன் சொன்னது முழுவதும் சரி. எழுத்துருவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

3, 8, 6 ஆகிய மூன்றும் ஒரே அகலத்தில், ஒரே வளைவில் இருந்தால் மனிதக் கண் தடுமாறும் இடத்திலேயே கேமராவும் தடுமாறும். உங்கள் பூக்கடை அக்காவுக்கும் ஆட்டோக்காரருக்கும் நடந்தது எங்கள் மென்பொருளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் முறை நடக்கிறது. ஜெர்மனியில் 1970-களின் இறுதியில் தீவிரவாதக் குழுக்கள் கறுப்பு வண்ணத்தாலும் ஒட்டுநாடாவாலும் பதிவெண்ணைத் திருத்தி ஓட்டின. அதைத் தடுக்க கார்ல்ஜார்ஜ் ஹோஃபர் என்ற எழுத்து வடிவமைப்பாளரிடம் தனி எழுத்துரு ஒன்றை உருவாக்கும் பணி தரப்பட்டது. 'எஃப்' எழுத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து 'ஈ' ஆக்குவதும், 3-இன் வாயை அடைத்து 8 ஆக்குவதும் அதில் இயலாது. ஒவ்வொரு எழுத்தின் விகிதமும் வேண்டுமென்றே வேறுபடுத்தப்பட்டிருப்பதால் ஒட்டுவேலை உடனே காட்டிக்கொடுத்துவிடும். 2000 நவம்பரிலிருந்து அங்கே புதிய பலகைகளுக்கு அதுவே கட்டாயம். பார்க்க அழகாக இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். ஆனால் திருத்த முடியாமல் செய்ததும், ஒன்றை இன்னொன்றாகப் படிக்க முடியாமல் செய்ததும் ஒரே காரியம்தான். நாம் ஹாலோகிராமுக்கும் பூட்டுக்கும் செலவழித்த சிந்தனையில் கால்வாசியை எழுத்துக்குச் செலவழித்திருந்தால் போதும். எழுத்துருவை மாற்றக் கூடுதல் செலவே கிடையாது, அச்சை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

சின்னம் வைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ஹாலோகிராம் வைத்த பின்னரே இடப்பக்கம் இடம் போய்விட்டது. திருகாணியின் தலை எழுத்தை ஒட்டி விழுந்தால் அதையே ஒரு புள்ளியாகவோ எழுத்தின் காலாகவோ எண்ணிக்கொள்ளும் கேமராவுக்கு, கோபுரத்தின் கலசத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சிங்கைவாசி:

ஒரு கோணம் விடுபட்டிருக்கிறது. எவ்வளவு நல்ல எழுத்தாக இருந்தாலும் மனிதர் தவறாகப் படிக்கத்தான் செய்வார். தவறாகப் படித்தார் என்பதையாவது கண்டுபிடிக்க எண்ணுக்குள்ளேயே ஒரு வழி வைக்கலாம். சிங்கப்பூரில் பதிவெண்ணின் கடைசியில் தனியாக ஓர் எழுத்து நிற்கும். வேலைக்கு வந்த புதிதில் அதுவும் ஏதோ வட்டாரக் குறி என்றே நினைத்திருந்தேன். அது சரிபார்ப்பு எழுத்து.

கணக்கு எளிது. எஸ்பிஎஸ் 3221 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 'எஸ்'-ஐ விட்டுவிட வேண்டும். ஆங்கில வரிசையில் அடுத்த எழுத்து 2-ஆவது, அதற்கடுத்தது 19-ஆவது. ஆக நம்மிடம் இருப்பவை 2, 19, 3, 2, 2, 1. இவற்றை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 125 வரும். அதை 19-ஆல் வகுத்தால் மீதி 11. மீதி 11-க்கு உரிய எழுத்து 'கே'. ஆகவே முழு எண் எஸ்பிஎஸ் 3221 கே. இப்போது ஒருவர் 3-ஐ 8 என்று படித்துவிட்டார் என்றால் கூட்டுத்தொகை 150 ஆகி, மீதி 17 ஆகி, கடைசி எழுத்து 'சி' என்று இருந்திருக்க வேண்டும். 'கே' என்று அவர் சொன்னால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று கணினி அங்கேயே சொல்லிவிடும். 32-ஐ 23 என்று மாற்றிச் சொன்னாலும் 'எல்' வரும், அதுவும் மாட்டிக்கொள்ளும். பயன்படுத்தும் எழுத்துகள் மொத்தம் பத்தொன்பதுதான். 'ஐ', 'ஓ', 'க்யூ' போன்று குழப்பம் தரும் ஏழு எழுத்துகள் கடைசியில் வருவதே இல்லை.

உங்கள் அம்மாவின் நிகழ்வில் நடு எழுத்துகளோடு அந்த ஓர் எழுத்தையும் எவரேனும் கவனித்திருந்தால் 6383, 8363 ஆகிய இரண்டில் எது பொருந்தும் என்று சோதித்துப் பார்த்திருக்கலாம். நினைவில் வைக்க இன்னும் ஓர் எழுத்தா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது, நியாயமான கேள்விதான். தோற்றத்தைப் பொறுத்தவரை இங்கே கறுப்பில் வெள்ளை எழுத்து. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பனைமரத்தடி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பலகையின் மூலையில் ஒரு சின்னமோ தாய்மொழி எழுத்தோ இருந்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் இலக்கத்தகடு என்று சொல்லும் இந்தச் சிறிய தகரத்தில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதை எங்கள் மூத்தவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 1950-களின் பிற்பகுதியில் வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் அதை அழித்துத் தமிழில் 'ஸ்ரீ' எழுதி ஓட்டினார்கள். தெற்கில் அதற்குப் பதிலடியாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களின் கொதிப்பில் அந்த ஒற்றை எழுத்துக்கும் பங்கு உண்டு. பின்னாளில் 'ஸ்ரீ' போய், வெறும் இலக்கங்களாகி, 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கில எழுத்துகளுக்கு வந்து சேர்ந்தோம். அந்த எழுத்துகள் எவருடையவையும் அல்ல என்பதே அவற்றின் வசதி.

மாகாணக் குறியும் அப்படித்தான். மேல் மாகாண வாகனத்தை வடமாகாணத்தில் ஒருவர் வாங்கினால் தகட்டையே மாற்ற வேண்டிய அலைச்சல் இருந்தது. அண்மையில் புதிய தகடுகளில் மாகாண எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். எங்களிடம் இருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டென்றால் அது நிறம். முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள். ஒரு படத்தைப் பார்த்தவுடனே வாகனம் வருகிறதா போகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் உங்கள் நாட்டில் மஞ்சளை வாடகை வண்டிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

பழைய பேரேடு:

போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடிவமைப்பாளர்கள் மறந்துவிடும் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது: இந்தியாவில் எந்தப் பதிவெண் முறையும் முந்தியதை ஒழித்துவிட்டு வருவதில்லை, அதன் தோளில் ஏறிக்கொண்டு வருகிறது. ஒடிசா 'ஓஆர்' குறியை விட்டு 'ஓடி'க்கு மாறியது. தெலங்கானா 2014-இல் 'டிஎஸ்' எடுத்து, 2024 மார்ச்சில் 'டிஜி' ஆக்கியது. பழைய எண்களும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2021-இல் வந்த 'பிஹெச்' (பாரத்) வரிசையில் ஆண்டு முன்னால் வருகிறது, எழுத்துகள் கடைசிக்குப் போய்விட்டன. ஆக இன்று ஒரு சிக்னலில் நிற்கும் பத்து வண்டிகளில் மூன்று இலக்கணங்களைப் பார்க்கலாம். நான்காவதைக் கொண்டுவர வேண்டுமானால் அது நிரந்தரமானதாக இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறதே, அந்த ஒரு பிரிவுக்காகத்தான் இத்தனை சிக்கலும். பிரான்ஸ் 2009-இல் வண்டிக்கு ஆயுள் முழுவதும் ஒரே எண் என்று வைத்துவிட்டு, ஊர்ப்பற்று உள்ளவர்கள் தமக்குப் பிடித்த வட்டாரத்தின் எண்ணை வலது ஓரத்தில் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அந்த ஓரம் அடையாளத்துக்கு, நடுப்பகுதி படிப்பதற்கு. உங்கள் கோபுரத்துக்கு அப்படி ஓர் இடம் கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது காதைப் பற்றியது. பணியில் இருந்த காலத்தில் தொலைபேசியில் எண் கேட்டு எழுதியே என் பாதி நாள் கழிந்தது. எதிர்முனையில் 'பி' என்றால் ஆங்கில வரிசையில் இரண்டாவதா பதினாறாவதா என்று தெரியாது. 'டி' என்றால் நான்காவதா இருபதாவதா என்று தெரியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அவசரத்தில் நாக்கும் அப்படியே சொல்லிவிடும். "பம்பாய் பி-யா, பழனி பி-யா?" என்று கேட்டுக் கேட்டே எழுதுவோம். சவுதியில் பதினேழு எழுத்துகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஓட்டுகிறார்கள். நாமும் பார்வைக்கும் காதுக்கும் தனித்து நிற்கிற பதினேழை எடுத்தால், இரண்டெழுத்துச் சேர்க்கை 289 கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 9999 எண் என்றால் ஓர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஏறத்தாழ 28.9 இலட்சம் வண்டி. போதாதா?

கொங்குநாட்டுப் பயணி:

அனைவருக்கும் நன்றி. கோபுரத்தை நான் கைவிட்டுவிட்டேன். பனைமரத்தடி ஐயா எழுதியதைப் படித்த பிறகு அதைக் கேட்டதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வலது ஓரத்தில் தனிப்பட்டை என்ற பிரெஞ்சு வழி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்கார அண்ணன் சொன்ன இரண்டு அமைப்புகளையும் 200-க்கு 100 மி.மீ. தாளில் அச்சிட்டு, நேற்று மாலை எதிர்வீட்டு மதில்சுவரில் ஒட்டினேன். டேப் வைத்து அளந்து 30 மீட்டரில் அம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். விதிப்படி எழுதியதில் கீழ் வரியை "ஆறு எட்டு... இல்ல, மூணு" என்று இரண்டு முறை மாற்றிச் சொன்னார். எழுத்துகளை மேலே ஏற்றிய தாளில் 50 மி.மீ. நான்கு எண்ணையும் முதல் முறையே சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் மேல் வரியில் இருந்த இரண்டு எழுத்துகளைக் கேட்டபோது, "அதை யார் பார்த்தா?" என்றார்.

ஆக எண்ணின் சிக்கல் ஓரளவு தீர்கிறது, எழுத்தின் சிக்கல் அப்படியே நிற்கிறது. கேமராக்கண் நண்பரிடம் ஒரு கேள்வி: பேரேடு ஐயா சொன்ன பதினேழு எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், உங்கள் மென்பொருள் எந்தெந்த எழுத்துகளை அதிகமாக மாற்றிப் படிக்கிறது என்ற பட்டியலைப் பகிர முடியுமா? காதில் குழம்புகிற எழுத்துகளை நான் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டு மிஞ்சுவது எத்தனை என்று பார்த்தபின் அடுத்த தாளை அச்சிடுகிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி உட்காருவாராம்.